சங்கையா கொடுத்த பஞ்சு

சங்கையாவைப் பாவம் என்று யாராவது என் காதுபடச் சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாம், பாவம்! அன்றைக்கு மில் ஆபீசில் நானும்தான் நின்றேன்.

அவன் பெண்டாட்டி பரிபூரணமும் நானும் ராஜபாளையத்தில் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்தோம். ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீடு. எண்பத்தாறில் மதுரைக்குக் கொண்டுபோய் அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். ஊருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தான் சங்கையா. உண்மை அவர்களுக்கும் எனக்கும்தான் தெரியும். "வெளிய தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்" என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். நோய் வந்தது அவளுக்கு, சாகப்போவது இவனாம்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. பெண்டாட்டிக்குச் சேலை ஒரு பக்கம் பள்ளமாகத் தெரிகிறதென்று, தான் மேஸ்திரியாக இருந்த, பஞ்சைப் பிரித்துச் சுத்தம்பண்ணுகிற புளோரூமிலிருந்து அவனே ஒரு கைப்பிடிப் பஞ்சைக் கொண்டுவந்தான். "ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கோ" என்றான். கல்யாணம் முடிந்த பிறகும் எடுக்கவிடவில்லை.

"ராத்திரியும் இருக்கணுமாம்க்கா," என்றாள் ஒருநாள், ஷிப்ட் முடிந்து வரும்போது. "பஞ்சு இருந்தாத்தான் பக்கத்துல வாராவ. அதுவும் விளக்க அணைச்சிட்டு. ஒருக்க வச்சுக்க மறந்துட்டேன். கை பட்டதும் தேள் கொட்டுன மாதிரி எந்திரிச்சு, வெளிய போயிப் படுத்துக்கிட்டாவ."

"அந்தக் கையில கொள்ளிய வைக்க!" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீயக்கா" என்று என் வாயைப் பொத்தினாள். அவன் தன்னை விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

மறுவருஷம் பஞ்சு களவு போகிறதென்று மில் கேட்டில் சோதனையை இறுக்கினார்கள். இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு அனுப்புகிறவளை மாற்றி, பெத்தம்மாள் என்று புதிதாக ஒருத்தியைப் போட்டார்கள். அவள் பரிபூரணத்தின் ஜாக்கெட்டுக்குள்ளேயே கையை விட்டாள். பஞ்சைக் கண்ட சந்தோஷத்தில் பள்ளத்தைக் கவனிக்கவில்லை.

"ஏட்டி, இங்க வச்சா கடத்துத?" என்று அவள் போட்ட கூச்சலில் ஆம்பளை வரிசையும் திரும்பிப் பார்த்தது.

நான் வாயைத் திறந்தேன். பரிபூரணம் நகம் பதிய என் கையைப் பிடித்தாள். "சொல்லிராதீயக்கா. அவியளே சொல்லுவாவ."

பெத்தம்மாள் அவளை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள்; நானும் பின்னாலேயே போனேன். மேனேஜர் சங்கையாவை வரச் சொன்னார். பஞ்சு மேஜைமேல் கிடந்தது. மாராப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பரிபூரணம் முன்னால் நின்றாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு கைப்பிடிப் பஞ்சுக்காக மேஸ்திரியை யாரும் வீட்டுக்கு அனுப்பப்போவதில்லை.

"உன் சம்சாரம் திருடினாளா, இல்ல வேற ஏதும் காரணமா? நீயே சொல்லு" என்றார் மேனேஜர்.

பரிபூரணம் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பஞ்சைப் பார்த்தான்.

"எடுத்திருப்பா சார். அவளுக்குக் கொஞ்சம் கைநீளம். வீட்லயும் அப்படித்தான்."

அட படுபாவி!

அவள் அழவில்லை. மாராப்பைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். சேலை ஒரு பக்கம் தட்டையாக விழுந்தது. மேஜைமேல் கிடந்த பஞ்சை அள்ளிப் புருஷன் கையில் திணித்தாள்.

"இந்தாங்க, வீட்டுக்குக் கொண்டு போங்க. இம்புட்டு நாளும் இதோடதான படுத்தீய? இனி நடுவுல நான் எதுக்கு?"

ஆபீசில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பெத்தம்மாள் தன் கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மேனேஜர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் பஞ்ச மேஜையில வச்சிரு சங்கையா. மில்லுப் பஞ்சு. ரிப்போர்ட் எழுதணும்."

"சரி சார்" என்று ஒரு இழைகூடச் சிந்தாமல் அதைத் திரும்ப வைத்தான் சங்கையா.

ரிப்போர்ட்டில் திருட்டு என்றே எழுதினார்கள்; பரிபூரணத்துக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. அடுத்த தையில் அவன் தளவாய்புரத்தில் பெண் எடுத்தான். திருடியை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் குடும்பம் நடத்துவான், பாவம் என்று சொல்லிவிட்டு, ஊர் பந்தியில் போய் உட்கார்ந்தது.