பொடி விழாத ஆறு பற்கள்

எங்கள் ஊரில் பல் ராவும் சடங்கில் மஞ்சள் தேங்காயைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னை விட்டால் ஆள் கிடையாது. இதுவரை நாற்பத்து மூன்று வாய்களுக்குக் கீழே நின்றிருக்கிறேன். ராவிய பல்லின் பொடி ஒரு துளிகூட வெளியே சிந்தியதில்லை. சரி, நாற்பத்து மூன்று கொஞ்சம் அதிகம்தான். நிதானமாக எண்ணினால் இருபது வரும். கை நடுங்கவில்லை என்பது மட்டும் உண்மை, இருபதாவது வாயான சுகெர்னியின் வாய் வரும்வரை.

கெத்துத் சுகெர்னி என் பக்கத்து வளவுக்காரி. நெங்கா ரெந்தாவின் கடைக்குட்டி. கியான்யார் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பொன்னிறக் கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நெற்றிப் பொட்டும் புருவமும் பெரும்பாலும் இவள் கைவேலையாகத்தான் இருக்கும். முப்பத்தொரு வயது வரை ஊரில் உள்ள பெண்களையெல்லாம் அழகாக்கினாள். அவள் மட்டும் வாயைத் திறந்து சிரித்து யாரும் பார்த்ததில்லை. குழந்தையில் விடாத காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து பல்லைச் சாம்பல் நிறமாக்கிவிட்டது. மேல்வரிசையில் முன்னால் இருக்கும் ஆறும் மழையில் நனைந்த சிமெண்டு மாதிரி இருக்கும். வாடிக்கையாளர்கள் படம் எடுக்கக் கூப்பிட்டால், கையிலிருக்கும் பவுடர் பஞ்சை வாய்க்கு நேரே பிடித்துக்கொள்வாள்.

ஒரு மணப்பெண்ணின் அத்தை முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். "ஏம்மா, உனக்கு எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலயா, இல்ல எங்க பொண்ணப் பிடிக்கலயா? காலையிலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே!"

அடுத்த வாரமே சுகெர்னி டென்பசார் போனாள். டாக்டர் ரத்ரி என்று ஒரு ஜாவாக்காரப் பெண். ஆறு பல்லையும் மேலாக இழைத்து, நகம் மாதிரி மெல்லிய பீங்கான் தகட்டை ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிவிட்டாள். இரண்டு நடை போனதில் வேலை முடிந்தது. திரும்பி வந்த அன்று சுகெர்னி எங்கள் வாசலில் நின்று சிரித்தாள். என் சேவல் கூவியது என்று நான் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அது திரும்பிப் பார்த்தது.

சிக்கல் அன்று சாயங்காலமே ஆரம்பித்தது. ரெந்தா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மகள் சிரித்ததைப் பார்த்து அவருக்கும் சந்தோஷம்தான். எப்படிச் செய்தார்கள் என்று கேட்டார்.

"முதல்ல பல்ல ராவினாங்கப்பா. அப்புறம் தகடு ஒட்டினாங்க."

ரெந்தாவின் தாடை அப்படியே நின்றது.

"ராவினாங்களா? யாரு?"

"டாக்டரு."

"என்ன நாளு?"

"நாளெல்லாம் பாக்கல. ஒரு கல்யாணம் தள்ளிப்போச்சு, அன்னிக்கு ஓய்வா இருந்தேன்."

"பொடி எங்க?"

"என்ன பொடி?"

"ராவின பொடிடி. எங்க?"

"குழாய்ல உறிஞ்சிட்டாங்கப்பா."

ரெந்தா மென்ற வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து போனார்.

பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் செய்ய வேண்டிய கடன்களில் கடைசி இந்தப் பல் ராவும் சடங்கு. மேல்வரிசை முன்பற்கள் ஆறையும் அரத்தால் ராவிச் சமன் செய்ய வேண்டும். காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாச்சரியம் என்று பல்லுக்கு ஒன்றாகக் கணக்கு. பொடியை மஞ்சள் தேங்காய் மூடியில் துப்ப வேண்டும். அதைக் குலதெய்வச் சன்னதிக்குப் பின்னால் புதைக்க வேண்டும். ரெந்தாவின் நடுப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கல்யாணத்தோடு அது முடிந்துவிட்டது. மூத்தவன் வாயான் மெர்த்தா உல்லாசக் கப்பலில் சமையல்காரன். அவன் ஊருக்கு வரும்போது நல்ல நாள் இருக்காது, நல்ல நாள் இருக்கும்போது அவன் நடுக்கடலில் இருப்பான். அவனோடு சேர்த்துச் செய்துவிடலாம் என்று கடைசிப் பெண்ணுக்கும் ஒவ்வொரு வருஷமாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இப்போது முந்திக்கொண்டு டாக்டர் ராவிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ரெந்தா தலைத்துண்டு கட்டி, இடுப்பில் சிவப்புக் கச்சை சுற்றி, ஒரு மஞ்சள் தேங்காயைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு டென்பசார் புறப்பட்டார். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, வீங்கிய கன்னங்களுக்கு நடுவே மடியில் தேங்காயோடு உட்கார்ந்திருந்தாராம். முறை வந்ததும் உள்ளே போய்க் கேட்டார்.

"என் பொண்ணு பல்லு ராவின பொடி வேணும்மா."

டாக்டர் ரத்ரி சிரிக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். உறிஞ்சும் குழாயைக் காட்டினாள், அது போய்ச் சேரும் தொட்டியைக் காட்டினாள், தொட்டி தினமும் சாக்கடையில் காலியாவதையும் சொன்னாள். இவர் நகரவில்லை என்றதும் அலமாரியிலிருந்து ஓர் அச்சை எடுத்துக் கொடுத்தாள். தகடு ஒட்டுமுன் சுகெர்னியின் பல்வரிசையைச் சுண்ணாம்பு மாவில் வார்த்து வைத்தது.

"இதை வேணா எடுத்துட்டுப் போங்க ஐயா. இது அவங்க பழைய பல்லுதான், அப்படியே இருக்கும்."

ரெந்தா விரலால் தடவி மோந்து பார்த்தார். "இது சுண்ணாம்பு. எம்பொண்ணு இல்ல" என்று மேஜையில் வைத்துவிட்டு, வெறும் தேங்காயோடு வந்து சேர்ந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மெர்த்தாவுக்குப் பதினெட்டு நாள் விடுப்பு கிடைத்தது. நல்ல நாளும் அதற்குள்ளேயே விழுந்தது. அரம் பிடிக்கும் பூசாரி ஜெரோ மங்கு, சடங்குக்கு முன்பே சுகெர்னியின் வாயைத் திறந்து பார்த்தார்.

"இதுல அழுத்தி ராவினா பீங்கான் தெறிச்சிடும். அரத்தால மூணு தடவ தொடுறேன். அது போதும். உள்ள இருக்கறது பல்லுதான். மேல போட்டிருக்கறது சட்டை."

"பொடி விழுமா ஜெரோ?" என்றார் ரெந்தா.

"தொட்டா எப்படிப்பா விழும்?"

"அப்ப எதைப் புதைக்கிறது?"

"ரெந்தா, சாமி உன் தேங்காய்க்குள்ள எட்டிப் பாக்கப் போகுதா?"

"சாமி பாக்காது. மேல போனா எங்கப்பன் பாப்பான். கடைசிப் பொண்ணுக்குச் செஞ்சியாடான்னு கேப்பான். என்ன சொல்றது? குழாய்ல போச்சுன்னா?"

ரெந்தா அதற்கப்புறம் மகளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சன்னதிக்குப் பின்னால் புல்லைச் செதுக்கி, தேங்காய் அளவுக்கு இரண்டு குழி வெட்டி வைத்தார். ஒன்று மகனுக்கு. இன்னொன்றின் ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சுகெர்னி என்னிடம் வந்தாள்.

"டீச்சர், ஆறு தகட்டையும் எடுத்துடச் சொல்லட்டுமா? டாக்டர் போன்ல சொல்றாங்க, எடுத்தா உள்ள இழைச்ச பல்லுதான் மிஞ்சும், முன்ன இருந்ததவிட மோசமா இருக்குமாம். இந்த சீசன்ல பதினோரு கல்யாணம் இருக்கு டீச்சர். இப்பதான் சிரிக்கவே கத்துக்கிட்டேன்."

"உங்கப்பா எடுக்கச் சொன்னாரா?"

"சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேனே. சொல்ல மாட்டேங்கறாரே!"

கெட்ட யோசனைகள் எனக்குச் சீக்கிரம் வரும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டது. அவள் தோளில் தொங்கிய அலங்காரப் பெட்டியைப் பார்த்தேன்.

"முகத்துக்குப் போடற வெள்ளைப் பவுடர் எவ்வளவு வச்சிருக்க?"

அவள் முதலில் என்னைப் பார்த்தாள், அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். "டீச்சர், நீங்க எப்படித்தான் பிள்ளைங்களுக்கு நல்லொழுக்கப் பாடம் எடுத்தீங்களோ!"

சடங்கன்று மேடையில் மஞ்சள் துணி விரித்து முதலில் மெர்த்தாவைப் படுக்க வைத்தார்கள். கடைவாயில் கரும்புத் துண்டைக் கொடுத்து வாயைத் திறந்து வைத்தார்கள். ஜெரோ அரம் போட்டதும், கப்பலில் புயலையே பார்த்தவன் கால் கட்டைவிரலைச் சுருட்டிக்கொண்டான். அவன் பொடி வஞ்சனை இல்லாமல் விழுந்தது.

அடுத்தது சுகெர்னி. தன் முகத்துக்குத் தானே அலங்காரம் செய்திருந்தாள். கச்சை மடிப்பில் பவுடர் பொட்டலத்தை வைத்துக்கொண்டு நான் தலைமாட்டில் தேங்காயோடு நின்றேன். ஜெரோ முதல் தடவை தொட்டார். நிஜப் பல்லில் அரம் கரகரவென்று இருக்கும், இதில் கிண்ணத்தை ஸ்பூன் தட்டினது போலக் கேட்டது. நல்ல வேளையாகப் பக்கத்தில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தடவை தொட்டார். மூன்றாவதுக்குக் குனிந்தபோது நான் பொட்டலத்தைப் பிரித்தேன். அப்போதுதான் கை நடுங்கியது. எப்படியோ ஒரு சிட்டிகை தேங்காய்க்குள் விழுந்தது. அவள் எழுந்து அதன் மேல் துப்பினாள்.

ஜெரோ தேங்காய்க்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துச் சுகெர்னியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

ரெந்தா வந்தார். தேங்காயை வாங்கி, மூக்கு உள்ளே போகும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். சுகெர்னி கரும்புத் துண்டைக் கையில் இறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து, முகத்தைத் திருப்பி, இரண்டு தும்மல் போட்டார். ஊதுபத்திப் புகை அவருக்கு எப்போதுமே ஒத்துக்கொள்ளாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேங்காயை இரண்டு கையாலும் ஏந்தி, யாரையும் கூட வரவிடாமல் சன்னதிக்குப் பின்னால் போனார். மண்ணை மூடிக் கையால் தட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்து இரண்டு தட்டு சோறும் பன்றிக்கறியும் சாப்பிட்டார். பத்து நாளாக அவர் ஒரு தட்டைக்கூட முழுதாக முடித்ததில்லை.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. சுகெர்னி இப்போது எல்லாப் படத்திலும் நடுவில் நிற்கிறாள். மணப்பெண் ஓரத்துக்குப் போய்விடுகிறாள் என்று புகார்கூட வந்தது.

எழுதியவரைக்கும் நேற்று அவர்கள் வளவில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். படையலுக்கு ஓலை கிழித்தபடியே, இடையிடையே ஆறு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் ரெந்தா சேவல் கூடைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காது மந்தமாகி இரண்டு வருஷம் ஆகிறது என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

சேவலின் கழுத்தைத் தடவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"ஊதுபத்திப் புகைன்னு போட்டிருக்கீங்களே டீச்சரம்மா, அதை அடிச்சிருங்க. ரோஜா வாசனை பவுடரு அது. சிட்டிகையும் இல்ல, ஒரு கைப்பிடி இருந்துச்சு. ஆனா எச்சி எம்பொண்ணோடதுதான், அதைப் பாத்துதான் புதைச்சேன்."