ஒரே வண்டி, வேறு டயர்

என் மாமனார் தன் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி பைக் வாங்கிக் கொடுத்தார். நூற்றைம்பது சிசி, கறுப்பு நிறம், அடுத்தடுத்த நம்பர். "நான் ஒரு கண்ணுல வெண்ணெயும் ஒரு கண்ணுல சுண்ணாம்பும் வெக்கற ஆளு இல்ல" என்று தன் ஊர் நல்லூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மை என்னவென்றால், அந்த நாள் என் சகலையின் கல்யாண நாள். என் மனைவியின் தங்கையைக் கட்ட வந்த சென்னைக்காரருக்கு வண்டி வாங்கப் போனவர், ஓட்டை மொபெட்டில் நான் வந்து நின்றால் பந்தலில் நாலு பேர் பார்ப்பார்களே என்று எனக்கும் சேர்த்து ஒன்று வாங்கிவிட்டார். ஆக, எனக்கு வண்டி வந்ததே சகலையின் தயவில்தான். இதை வேறு யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நான் வைத்துக்கொண்டேன்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன பீங்கான் யூனிட் இருந்தது. கரண்டு பெட்டிக்குள் மாட்டுகிற வெள்ளை ஃபியூஸ் கேரியர்கள் செய்து சூளையில் சுட்டு அனுப்புவோம். என் சட்டை, செருப்பு, வண்டி எல்லாவற்றிலும் எப்போதும் களிமண் மாவு படிந்திருக்கும். சகலைக்கு சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவர் வண்டியைத் தொட்டால் விரலில் தூசு ஒட்டாது. எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார், என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத ஆளோடு சம்பந்தம் வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஒரு பொங்கலுக்கு அவர் அந்த வண்டியிலேயே சென்னையிலிருந்து வந்து இறங்கினார். மாமனார் வீட்டு வாசலில் என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டும் ஒன்றுதான், ஆனால் அவருடையதில் டயர் மாறியிருந்தது. அகலமாக, கருகருவென்று, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற மாதிரி மெத்தென்று இருந்தது. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் குந்தினார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பவர் போல அதைத் தடவித் தடவி, நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"என்னா சின்ன மாப்ள, பல்லிக் காலு மாதிரி கையில ஒட்டுது?"

சகலை விளக்கினார். சென்னைக்குப் பக்கத்தில் ரேஸ் ட்ராக் இருக்கிறதாம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாதாரண ஆட்களையும் சொந்த வண்டியோடு உள்ளே விடுவார்களாம். அது போட்டி கிடையாது, எதிரே பஸ் வராது, குறுக்கே ஆடு ஓடாது, அவரவர் கைத்திறமையை அவரவரே பார்த்துக்கொள்ளலாம். வளைவில் வண்டியை முட்டி தரையில் உரசுகிற அளவுக்குச் சாய்க்க வேண்டுமென்றால் டயர் தரையைப் பிடிக்க வேண்டும், அதற்குத்தான் இது.

"டயரு சூடானாத்தான் மாமா நல்லா ஒட்டும். மொத ரெண்டு ரவுண்டு மெதுவா போயி சூடேத்தணும்."

"ஒரு தடவ வந்து பாக்கணுமே நீங்க ஓட்டறத" என்றார் மாமனார்.

அந்த மனிதர் வாரத்துக்கு ஒரு தடவை விருத்தாசலம் வருவார், கடைத்தெருவுக்குப் போவார், பஸ் ஏறித் திரும்பிவிடுவார். என் சூளையை அத்தனை வருஷத்தில் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்ததில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நானும் ட்ராக்குல ஓட்டலாம்னு இருக்கேன்" என்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். சகலைக்கு முகமெல்லாம் சந்தோஷம். "கரும்பு தின்னக் கூலியா அண்ணே, வாங்க! கோடைக்கு முன்னாடி ஒரு நாள் வெப்பாங்க. ரெண்டு பேருக்கும் பேரு குடுத்துடறேன். மாமாவும் வரட்டும்." அந்த நிமிஷத்தில் எனக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மாமனார் கண் முன்னால் ஒரு தடவையாவது சகலைக்குச் சமமாக ஓடி, மாமனார் வாயாலேயே ஒரு நல்ல வார்த்தை வாங்க வேண்டும். வண்டி ஒன்றே என்பதால் டயரை மாற்றிவிட்டால் ஆயிற்று என்று நினைத்தேன்.

டயர் வாங்கப் புதுச்சேரிக்குப் போனேன். கடைக்காரர் மூன்று விதம் எடுத்து உருட்டிக் காட்டினார். முதலாவது கெட்டி ரப்பர். "தேயவே தேயாதுங்க. ஆனா மழையில பிரேக் புடிச்சீங்கன்னா நீங்க சொன்ன எடத்துல நிக்காது, அது நெனச்ச எடத்துலதான் நிக்கும்." இரண்டாவது நடுத்தரம். மழைத் தண்ணீர் வெளியேற வேண்டிய அளவுக்குப் பள்ளங்கள் வெட்டியிருந்தது, ரப்பரும் ஓரளவு மெத்தென்று இருந்தது. மூன்றாவது ரொம்ப மெத்தென்று இருந்தது. பள்ளங்கள் பேருக்குத்தான் இருந்தன. மோந்து பார்த்தால் புது ரப்பர் நெடி மூக்கைத் துளைத்தது.

கடையில் நின்றபடியே சகலைக்குப் போன் போட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் கிளம்பியிருந்தேன், கை கேட்கவில்லை.

"தெருவுக்கும் ட்ராக்குக்கும் ஒண்ணுன்னா நடுத்தரந்தான் அண்ணே சரி" என்றார் அவர். "ட்ராக்குல ஓடப் போறது ஒரு நாளு. மத்த நாளெல்லாம் நம்ம ரோடுதானே? காலையில வண்டி எடுத்த ஒடனே, டயரு சூடாவறதுக்கு முன்னாடியே புடிக்கணும். மழையில புடிக்கணும். ரொம்ப மெத்துனு இருக்கறத எடுத்தீங்கன்னா கல்லு மண்ணெல்லாம் பொறுக்கும், சீக்கிரம் போயிடும். நானும் நடுத்தரந்தான் போட்டிருக்கேன்."

நியாயமான பேச்சு. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. மாமனாரின் நகம் பதிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். தனக்கு மூன்றாவதைப் போட்டுக்கொண்டு எனக்கு நடுத்தரத்தைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். பொங்கலன்று குனிந்து டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் மாமனார் குந்திய இடத்தில் நானும் போய்க் குந்துவதா என்று நின்றுவிட்டேன். மூன்றாவதையே எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி டயரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "சூளைய அமத்திடுங்க. ஒங்க காதுல வர பொகையே போதும், ஃபியூஸ் கேரியரு வெந்துடும்" என்றாள். தங்கச்சி வீட்டுக்காரர் என்றால் அவளுக்கும் ஒரு தனிப் பாசம். அதுவும் எனக்குப் பிடிக்காது.

சகலை சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. எங்கள் தொழிற்பேட்டைச் சாலையில் குழி விழுந்தால் தார் போட மாட்டார்கள். உடைந்துபோன பீங்கானைக் கொட்டி மிதித்து விடுவோம், நானே எத்தனையோ கூடை கொட்டியிருக்கிறேன். அந்தச் சில்லெல்லாம் என் புது டயரில் ஏறிக்கொண்டது. சாயங்காலம் உட்கார்ந்து ஒரு குச்சியால் நோண்டி நோண்டி எடுப்பேன். வேப்பூர் ரோட்டில் அது உளுந்து அறுவடைக் காலம். போகிற வருகிற வண்டி மிதித்துக் காய் உடையட்டும் என்று செடியை ரோட்டிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். என் டயர் அதில் பாதியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. காலையில் யூனிட்டுக்குப் போகும்போது முதல் திருப்பத்தில் பின்சக்கரம் லேசாக வழுக்கும்.

டயர் சூடானால்தான் ஒட்டும் என்று அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சூட்டைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் எடுப்பதா? நான் பிழைப்பதே சூட்டில். பச்சை மண்ணைச் சூட்டுக்குப் பழக்கிப் பழக்கித்தானே பீங்கானாக்குகிறோம். டயரையும் அப்படிப் பழக்கினால் என்ன என்று தோன்றியது. அன்றிலிருந்து சாயங்காலமானால் வண்டியைச் சூளைச் சுவரை ஒட்டி, இரண்டு சக்கரமும் செங்கல்லில் படுகிற மாதிரி நிறுத்திவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். காலையில் நடந்து வந்து, டீக்கடைக்குப் போக வண்டியை எடுக்கும்போது தொட்டால் டயர் கதகதவென்று இருக்கும். முதல் திருப்பத்தில் வழுக்கவில்லை! சகலைக்குத் தெரியாத ஒரு வித்தை எனக்குக் கிடைத்துவிட்டது என்று, மாசி முழுக்க ஒருவரிடமும் மூச்சுவிடாமல் அதையே செய்தேன். வேலையாட்கள் மட்டும் வண்டிக்குக் காய்ச்சலா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

ட்ராக்குக்கு முதல் நாளே வண்டியில் சென்னை போய்ச் சகலை வீட்டில் தங்கினேன். மாமனார் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மறுநாள் காலையில் ட்ராக்கில் கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார்கள், உடைந்தால் சிதறாமலிருக்க ஹெட்லைட்டில் டேப் ஒட்டச் சொன்னார்கள். சகலையிடம் வெள்ளை டேப் இருந்தது. நான் யூனிட்டிலிருந்து அட்டைப் பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப் கொண்டுபோயிருந்தேன். மாமனாரே தன் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தார். "பெரிய மாப்ளது பழுப்பு, சின்ன மாப்ளது வெள்ள. எனக்கு அடையாளம் தெரியணும்ல" என்றார். சகலை யாரிடமிருந்தோ ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ஜாக்கெட்டும் இரண்டு ஹெல்மெட்டும் வாங்கி வந்திருந்தார். போட்டுக்கொண்டதும் எங்களைப் பெற்றவர்களுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. மாமனார் குடையோடு தூரத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்.

முதல் ரவுண்டிலேயே எனக்கு விளங்கிவிட்டது. டயர் தரையைப் பிடிக்கவில்லை. சாய்த்தால் முன்சக்கரம் தள்ளிக்கொண்டு போனது, பிரேக் தொட்டால் பின்சக்கரம் பாம்பாக நெளிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். வந்திருந்த அத்தனை பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள், ஒரு ஸ்கூட்டர்கூட. வெள்ளை டேப் வண்டி என்னை எத்தனை தடவை கடந்தது என்பதை நான் எண்ணவில்லை. மாமனார் எண்ணியிருப்பார்.

உள்ளே வந்து வண்டியை நிறுத்தியதும் சகலை குனிந்து என் டயரில் நகத்தை வைத்து அழுத்தினார்.

"என்னா அண்ணே, மரக்கட்ட மாதிரி இருக்குது? புதுசுதானே இது?"

சூளைச் சுவர் கதையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. "ரப்பரு சூட்ட ரொம்ப நாளு தாங்காது அண்ணே. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கெட்டியாயிடும்" என்று மெதுவாகச் சொன்னார். "அடுத்த ரவுண்டுக்கு என் வண்டிய எடுத்துக்குங்க. நான் ஒங்களுத ஓட்டறேன்."

மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால் அந்த டயரில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும் என்று பொங்கலிலிருந்து எரிந்துகொண்டிருந்தவன் நான். ஏறிக்கொண்டேன். ஏறும்போது பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். அவர் போனில் சொன்ன அதே நடுத்தரம்.

அந்த டயரில் ஓடியது சுகமாகத்தான் இருந்தது. சாய்த்த இடத்தில் நின்றது, பிடித்த இடத்தில் பிடித்தது. இப்போது பார்க்கலாம் என்று என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். படிக்கட்டுக்கு எதிரே உள்ள பெரிய வளைவில் எனக்கு வெளிப்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. என் வண்டிதான். நான் வேகவைத்துக் கெடுத்த மரக்கட்டை டயரோடு, ஹெட்லைட்டில் பழுப்பு டேப்போடு, அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். பின்சக்கரம் நெளிந்தது, அவர் அதை அதன் போக்கில் நெளியவிட்டு ஓட்டினார். நான் முறுக்க முறுக்க அந்த முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. அத்தனை மாதம் டயர்மேல் போட்டுவைத்திருந்த பழியை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, அவரவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். மாமனார் குடையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். வந்தவர் நேராக என் இரண்டு கையையும் பிடித்தார்.

"பெரிய மாப்ள! மொதல்ல நீங்க தடுமாறினத பாத்து பயந்துட்டேன். அப்பறம் பாத்தேனே! சின்ன மாப்ளய வெளிப்பக்கமா வந்து தாண்டினீங்களே, என்னா ஓட்டு, என்னா ஓட்டு! இத்தினி நாளா எங்க வெச்சிருந்தீங்க இதெல்லாம்?"

நான் சகலையைப் பார்த்தேன். அவர் என் வண்டிப் பக்கம் வந்து, ஹெட்லைட்டிலிருந்து பழுப்பு டேப்பை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் டயரு அப்படி மாமா" என்றார் தலையைத் தூக்காமல். "சூடாச்சின்னா புடிக்கவே முடியாது."

மாமனார் என் கையை விடவே இல்லை. திரும்பும்போது, "நான் பெரிய மாப்ளையோடவே வரேன்" என்று என் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழுக்குகிற டயரில் அந்தப் பெரிய மனிதரை வைத்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன். "வெரசா போங்க மாப்ள, என்னா கூச்சம், நீங்கதான் ஓட்டுவீங்களே" என்று தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். திரும்ப மாட்டிய கண்ணாடியில் சகலையின் வண்டி தெரிந்தது. அவர் நினைத்திருந்தால் ஒரு முறுக்கில் போயிருக்கலாம். சென்னை வரைக்கும் எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். ஒரு தடவைகூட முந்தவில்லை, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.