ஆடியில் போன மாடி வீடு

வீட்டு புரோக்கர் தொழிலில் சாவியைத் தூக்கிக்கொண்டு அலைவது சுலபம். வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் பாரம். வாடகை வீடு தேடி அவமானப்பட்டவர்களே, இது உங்களுக்கு.

எந்தத் தெரு?

தொண்ணூறுகளின் கடைசி. குமார் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்த பையன். புதுசாகக் கல்யாணம் ஆனவன். ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போன லட்சுமியை ஆவணியில் அழைத்து வர வேண்டும். அவன் தங்கியிருந்ததோ நாலு பேர் படுக்கும் அறை. வீடு கிடைத்தால்தான் குடும்பம்.

ரிட்டயரான ஒரு பெரியவரின் மாடி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஊரைக் கேட்டார். ஒடுகத்தூர் பக்கம் என்றான். "அங்க எந்தத் தெரு?" என்றார். காலனி என்றான். "அடடா, நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்றார். கேட்டில் 'வாடகைக்கு' அட்டை அப்படியே தொங்கியது. அதுவும் ஆடி மாதம்! ஆடியில் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் ஆளை நான் கண்டதே இல்லை.

குமார் ரோட்டுக்கு வந்து சொன்னான்: "சம்பளம் எவ்ளோன்னுகூடக் கேக்கலியேண்ணே."

பாபு போனான்

மறுநாள் குமாரின் கூட்டாளி பாபுவை அனுப்பினேன். அதே கம்பெனி, அதே வேலை. தெரு மட்டும் வேறு. நீங்களும் செய்யுங்கள். 'வீடு போயிடுச்சு' என்றால் ஒரு தோஸ்த்தை அனுப்பி அதே வீட்டைக் கேட்கச் சொல்லுங்கள். பொய்யும் வெளியே வரும், சாட்சியும் கிடைக்கும்.

பாபு காபி குடித்துவிட்டு வந்தான். "மோட்டார் சுவிட்ச் வரைக்கும் காட்டிட்டாருண்ணே. ஆவணி பொறந்ததும் வந்து பால் காய்ச்சுங்க தம்பின்றாரு."

தோல் நாத்தம்

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்றால், நானும் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவன். என்னைக் காலி செய்ய வைக்க ஒரு வீட்டுக்கார அம்மா தண்ணீரை நிறுத்தினார். கோர்ட்டுக்குப் போகாமல் காலி செய்ய வைக்கக் கூடாது, தண்ணீர், கரண்டை நிறுத்தக் கூடாது என்று பிறகு ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் பாத்திரங்களை வண்டியில் ஏற்றியிருந்தேன். அந்த வீட்டுக்கு இன்றுவரை நான் ஆள் அனுப்பியதில்லை, அனுப்பவும் மாட்டேன். வீட்டுக்கார அம்மாவின் கணவருக்குத் தோல் மண்டி வியாபாரம். வீடே அதில் கட்டியது. வண்டி கிளம்பும்போது அந்த அம்மா சொன்னது: "உன் சட்டை நாத்தம் எங்க தொட்டித் தண்ணில வருதுப்பா."

பின்பக்கப் படி

குமாரையும் பாபுவையும் கூட்டிக்கொண்டு பெரியவரிடம் போனேன். "என் வீடு, என் இஷ்டம்" என்றார்.

"வீடு உங்களதுதான் சார். காலனின்னு கேட்டதும் இல்லேன்றது தீண்டாமை. அது குற்றம். சாட்சி இவன். வக்கீல்கிட்ட பேசிட்டோம், அடுத்து ஸ்டேஷன்தான்" என்றேன்.

பாபு தலையாட்டினான். பெரியவர் கேட்டுக்குப் போய் அந்த அட்டையைக் கழற்றினார். பிறகு, "சரி, வரட்டும். ஆனா பின்பக்கப் படியில ஏறணும்" என்றார்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. குமார் முந்திக்கொண்டான். "என் சம்சாரம் முன்வாசல்லதான் சார் பால் சொம்போட வருவா."

ஆவணியில் லட்சுமி அப்படித்தான் வந்தாள். பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அட்வான்ஸ் ரசீது எழுத உட்கார்ந்தார். குமார் குனிந்து பார்த்துச் சொன்னான்: "எங்க தெருப் பேரு வேணாம் சார், உங்க தெருப் பேரையே போடுங்க. இனிமே நாங்க இங்கதான்."

இன்றும் என்னைக் கண்டால் அந்தப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், நானும் திருப்பிக்கொள்கிறேன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சமத்துவம் வந்துவிட்டது.