அரைக் கட்டை இறங்கிய பாட்டு

தலத்தெருவில் சோமசேகரனின் வீட்டு முன்னறையில் நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் போடப்பட்டிருக்கும். எதிரே தொலைக்காட்சி கிடையாது. ஒரு ரெக்கார்டு பிளேயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும்தான். புதிதாக வருகிறவர்களுக்குக் காபி வருவதற்கு முன்பே அதைப் பற்றிய சொற்பொழிவு வந்துவிடும்.

அவர் வேளாண்மை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கீதம் கற்றவர் அல்ல. பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தா வீடு விலைக்கு வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாரீசுக்கு எடுத்துப்போக விரும்பாத சாமான்களில் இந்தப் பிளேயரும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளும் இருந்தன. அவற்றில் ஒன்று, லேபிளில் பெயர் அழிந்துபோன ஒரு பாடகியின் கீர்த்தனைகள். உறை இல்லை. அதைத்தான் பெரும்பாலான மாலைகளில் அவர் வைப்பார்.

அவருடைய கட்சி சுருக்கமானது. இசைத்தட்டில் பாட்டு அறுபடாமல் ஒரே கீறலாக ஓடுகிறது. செல்போனில் அதைத் துண்டு துண்டாக நறுக்கி எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். நறுக்கியதை ஒட்டினால் அது பழையபடி ஆகுமா? கல்லூரியில் இயற்பியல் நடத்திய நண்பர் சிவராமன் இதை ஒப்புக்கொண்டதே இல்லை. நறுக்கினாலும், கேட்கும்போது அது மறுபடி தொடர்ச்சியான அலையாகத்தான் வருகிறது என்பார். மாலை நடையை முடித்துவிட்டு நேராக இங்கேதான் வருவார்.

"ஆத்துத் தண்ணிக்கும் டேங்கர் தண்ணிக்கும் வித்தியாசம் இல்லியாய்யா?"

"நீ குடிக்கிறது கேன் தண்ணி, சோமு."

சோமசேகரனிடம் ஓர் அத்தாட்சி இருந்தது. பல்லவியை வைத்துத் தேடியதில், அதே பாடகியின் அதே பாட்டை யாரோ பெயர் போடாமல் இணையத்தில் ஏற்றியிருந்தது கிடைத்தது. அதைப் போனில் போடச் சொல்வார். பிறகு இசைத்தட்டை வைப்பார். "கேளு. ஒம் போன்ல கீச்சுன்னு இருக்கு, தகரத்துல ஆணியால கிழிக்கிற மாதிரி. இதுல அந்தக் குரலுக்கு ஒரு கனம் இருக்கு பாரு." வித்தியாசம் இருந்தது உண்மை. சிவராமனுக்கும் அது கேட்டது. "வித்தியாசம் இருக்கு. ஆனா காரணம் நீ சொல்றது இல்ல" என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார். வேறு காரணம் அவருக்கும் தெரியவில்லை.

இப்படிப்பட்ட விஷயங்களில் விருப்பம் முதலில் வந்துவிடுகிறது. காரணம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருகிறது.

தட்டு சுழலும்போது அடுப்படியிலிருந்து மனைவி உமாமகேஸ்வரி கூடவே பாடுவார். தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் பாடும் பெண்கள் குழுவில் ஒருவர். "தங்கச்சி நல்லாப் பாடுது" என்று சிவராமன் சொன்னால், "அந்த அம்மா பாடுறதக் கேளுய்யா" என்று சோமசேகரன் கையமர்த்துவார். மனைவி பாடுவது அவர் கணக்கில் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்ந்தது.

அந்தத் தெருவில் சாயங்கால மின்சாரம் எப்போதுமே குறைவுதான். சித்திரையில் தெரு முழுக்க ஏசி ஓடியது. சாயங்காலமானால் டியூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டு எரிய யோசித்தது. "இவ்வளவு பேசுறியே, மொதல்ல அதுக்கு ஒழுங்கா கரண்ட் குடுய்யா. ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வையி" என்றார் சிவராமன். சுத்தமான ஒலிக்குச் சுத்தமான மின்சாரம் என்பது சோமசேகரனுக்கும் நியாயமாகப் பட்டது. வாங்கி வைத்தார்.

அன்று மாலை பாட்டு தெளிவாகவே இருந்தது. பளிச்சென்று இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவருக்குப் பிடிக்கவில்லை.

தட்டைத் துடைத்தார். புது ஊசி வரவழைத்தார். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார், மறுபடி சுவரோடு ஒட்டி வைத்தார். எதுவும் ஆகவில்லை. சிவராமனிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்ன ஒலி தனக்கே கேட்காமல் போனதை எப்படிச் சொல்வது? வழக்கம்போலத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆடி பிறந்த பிறகு ஒரு மத்தியானம், பாட்டுக் குழுவின் ஞானசௌந்தரி வாசலில் வந்து நின்றார்.

"என்ன டீச்சர், ஆளையே காணும்?"

"தொண்ட போயிட்டு ஞானம். வயசாவுதுல்ல? நீங்க பாடுங்க, நான் வந்து ஒக்காந்து கேக்குறேன்."

உமாமகேஸ்வரி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னது சோமசேகரனைத் தொந்தரவு செய்தது. ஞானசௌந்தரி போன பிறகு கேட்டார்: "தொண்டைக்கு என்ன? டாக்டர்ட்ட போவமா?"

"டாக்டரு என்னங்க பண்ணுவாரு? தெனமும் ஒங்க ரெக்கார்டோட பாடிக்கிட்டுதான இருந்தேன். பங்குனி வரைக்கும் மேல போச்சு. இப்ப எட்ட மாட்டேங்குது. எட்டிப் புடிச்சா கீச்சுன்னு கத்துறாப்ல இருக்கு. அதான் வாய மூடிக்கிட்டேன்."

கீச்சு என்ற சொல் அவரை நிறுத்தியது. பங்குனிக்குப் பிறகு, பாட்டு மாறுவதற்கு முன்னால் வீட்டில் புதிதாக வந்தது ஒன்றுதான்.

மாலையில் சிவராமன் வந்து உட்கார்ந்து காபியை வாங்கிக்கொண்டபோது, சோமசேகரன் ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு வயரை நேரே சுவரில் செருகினார். மின்சாரம் அந்த நேரத்துக்கு வழக்கம்போலச் சோர்ந்திருந்தது. பழைய மோட்டார் சற்றே நிதானமாகச் சுற்ற, பாடகியின் குரல் இறங்கி வந்தது. அந்தக் கனமும் வந்தது.

ஆனாலும் முழுதாக வரவில்லை. அடுப்படியில் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. உமாமகேஸ்வரி பாடவில்லை. பாடிப் பார்க்கக்கூட இல்லை. இத்தனை வருடங்களாக இசைத்தட்டின் கனம் என்று தான் எண்ணியதில் பாதி அங்கிருந்து வந்தது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. மீதிப் பாதி, குறைந்த மின்சாரத்தால் வந்த கோளாறு.

பேசாமல் ஸ்டெபிலைசரை உள்ளே வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கணம் அப்படியும் நினைத்தார். ஆனால் அவள் தன் தொண்டை போய்விட்டது என்றே நம்பிக்கொண்டிருப்பாள்.

"உமா, இங்க வா."

ஈரக் கையோடு வந்து நின்றார்.

"ஒந்தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. இந்த மிஷின்தான் இத்தன வருஷமா மெதுவா ஓடிருக்கு. அந்த அம்மா பாடுனது அஞ்சர கட்ட சுருதி. கரண்ட் கொறச்சல்ல இது அஞ்சுக்கு எறக்கிருச்சு. அது ஒனக்கு எட்டுச்சு. ஸ்டெபிலைசர் வச்சதும் அவங்க தன் சுருதிக்கே போயிட்டாங்க."

சிவராமன் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப எம் போனு சரியாத்தான் பாடிருக்கு."

"சரியாத்தான் பாடிருக்கு."

"தகரம்னியே."

"சொன்னேன்."

"இன்னொரு தடவ சொல்லு, காது குளிரட்டும்."

"போய்யா."

உமாமகேஸ்வரி இருவரையும் பார்க்கவில்லை, பிளேயரைப் பார்த்தார். "மூணு மாசமா நான் மெளகுக் கஷாயமா குடிச்சுக்கிட்டு கெடக்கேன்" என்றார். "ஒங்க மிஷினுக்கு கரண்ட் பத்தலன்னு எனக்கு வயசாயிட்டாக்கும்!"

சோமசேகரன் தட்டின் மேலிருந்து ஊசியைத் தூக்கி வைத்தார். சிவராமனோ உற்சாகமாகிவிட்டார். போனை எடுத்து எதையோ தட்டிக்கொண்டே, "இங்க பாரு தங்கச்சி, இதுலயே அரைக் கட்டை எறக்கிக்கலாம். வேகம்கூட மாறாது" என்றார்.

"அத எறக்கச் சொன்னாத்தான் எறங்கும்" என்றார் சோமசேகரன். "இது தானா எறங்கி வந்துச்சு."

"தானா இல்லய்யா, கெட்டுப்போயி எறங்குச்சு."

"எப்படியோ எறங்குச்சுல்ல?"

"அட, இது ஒரு வாதமாய்யா?"

அது வாதம் இல்லை என்று சோமசேகரனுக்கும் தெரியும். அவருடைய காரணங்கள் எல்லாம் போய்விட்டன. விருப்பம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"அந்தப் போன இங்க குடுங்கண்ணே" என்று உமாமகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சுருதி இறக்கப்போகிறார் என்று சிவராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். உமாமகேஸ்வரியோ மனப்பாடமாக ஓர் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார்.

"ஞானம், நாந்தான். வெள்ளிக்கெழம வர்றேன். … ஆமா, தொண்டதான். … இல்ல இல்ல, டாக்டருக்கெல்லாம் போவல. அது ஒரு கூத்து, நேர்ல சொல்றேன். … அந்த மேல் வரி இருக்குல்ல, அத யாருக்கும் குடுத்துடாத. நான்தான் பாடுவேன்."