மாப்பிள்ளை என் வண்டிக்கு மூளை மாற்றிய கதை

என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால், நடுவில் நான் வந்து நின்று மானத்தை வாங்குகிறேன். அவருடைய மானத்தை இல்லை, என்னுடையதை. என்ன செய்வது, அவருடைய பெருமை முழுக்க என் முட்டாள்தனத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் ஒரு வண்டிப் பட்டறையில் எலெக்ட்ரீஷியன். அங்கே அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பாக்கலாம்'. எந்த வண்டி வந்தாலும், டிரைவர் எவ்வளவு அடித்துச் சொன்னாலும், அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து டெஸ்ட் லாம்ப்பை எடுத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்ப்பார். ஃபியூஸ் போன வண்டிக்கே ஒரு மணி நேரம் ஆக்குவார். என் தங்கையைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று நான் கேட்டபோதும் 'பாக்கலாம்' என்றவர்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் பத்து வருஷத்தில் அவர் கை பட்டு ஒரு வண்டி கெட்டது என்று யாரும் சொன்னதில்லை. சொன்ன முதல் ஆள் நான்தான்.

நான் பிக்கப் ஓட்டுகிறவன். தச்சுப் பட்டறையில் கதவு, ஜன்னல்களை ஏற்றிக்கொண்டு போய்க் கட்டடங்களில் இறக்குவேன். எனக்கு இரண்டு வியாதி உண்டு. மூக்குக்கு மேல் கோபம் வரும். அதோடு, வண்டி பளபளவென்று இருக்க வேண்டும். வெளியே மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் தூக்கி, ஷாம்பு போட்டு, பிரஷர் பம்பால் இன்ஜினையும் அடித்துக் கழுவினால்தான் எனக்குச் சோறு இறங்கும். "வண்டி குளிக்கிறதுல பாதி நீங்க குளிச்சாலே போதும்" என்பாள் என் மனைவி.

போன மாதம் மாப்பிள்ளை என் வண்டிக்குப் பேட்டரி மாற்றிக் கொடுத்தார். அப்போது இன்ஜின் பக்கத்தில் இருந்த ஓர் அலுமினியப் பெட்டியைக் காட்டினார். எவ்வளவு டீசல், எந்த நேரத்தில் என்று இன்ஜினுக்குச் சொல்லிக்கொடுக்கும் கம்ப்யூட்டர் அது. பட்டறையில் 'மூளை' என்பார்கள். அதற்கு ஒரு ரப்பர் மூடி போட்டுவிட்டு, "மச்சான், இதுல மட்டும் தண்ணி அடிக்காதீங்க" என்றார். "சரி, சரி" என்றேன். அடுத்த ஞாயிறே அந்த மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆசை தீரக் கழுவினேன். பளபளக்கிற இன்ஜினில் கறுப்பாக ஒரு ரப்பர், பார்க்கச் சகிக்கவில்லை.

மூன்றாம் நாள், பதினாலு கதவுகளோடு சிக்னலில் வண்டி விக்கி விக்கி நின்றது. பின்னால் ஹாரன் காதைப் பிய்த்தது. இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மாப்பிள்ளையின் பட்டறைக்குள் நுழைந்தபோது எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"பேட்டரி மாத்தறேன்னு வந்து வண்டியையே கொன்னுட்டியேய்யா!"

வாங்க, போங்க என்று மாப்பிள்ளை மரியாதை தவறாதவன், அத்தனை பேர் முன்னால் 'நீ'க்கு இறங்கிவிட்டேன். அவர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். வண்டியிலிருந்து பதிலே வரவில்லை.

"மூளை பேச மாட்டேங்குது. பாக்கலாம் மச்சான்."

"இன்னும் என்னத்தய்யா பாக்கறது? ஒயர மாத்திக் குடுத்து எரிச்சுட்டேன்னு ஒத்துக்கோ!"

சத்தம் கேட்டு முதலாளியம்மா வெளியே வந்தார். அடுத்த மாதம் புது ஷெட் ஒன்று திறந்து மாப்பிள்ளையைப் பொறுப்பாகப் போடுவதாக இருந்தார். எனக்கும் தெரியும். தங்கை போனில் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்தாள். தெரிந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"தம்பி, இது யார் தப்புன்னு மொதல்ல தெரியட்டும். புது ஷெட்டு விஷயம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார் முதலாளியம்மா.

அன்று சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, நெஜமாவே அவரு பண்ணின தப்பாண்ணே?"

"பின்ன, நான் பண்ணினதா?" என்றேன். மூடியைப் பற்றிய நினைப்பே எனக்கு இல்லை, சத்தியமாக.

புதுப் பெட்டி வர நாலு நாள் ஆயிற்று. நானும் போய் நின்றேன், ஏதோ மேற்பார்வை பார்ப்பவன் போல. மாப்பிள்ளை பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார். பெரிய கனெக்டரை விடுவித்து, நாலு போல்ட்டையும் எடுத்து, பழைய பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. பின்களெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. அவர் குனிந்து மோந்து பார்த்தார். நானும் மோந்து பார்த்தேன்.

எலுமிச்சை வாசனை. என் ஷாம்பு!

"பனியா இருக்குமோ மாப்ள?" என்றேன். வெட்கங்கெட்ட நாக்கு.

"பனிக்கு எலுமிச்ச வாசன வராது மச்சான்." அடுத்த ஆளுக்குக் கேட்காதபடி சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு புதுப் பெட்டியை எடுக்கப் போய்விட்டார்.

அவர் சத்தம் போட்டிருக்கலாம். ஆனால் அவர் சொன்னால், தப்பிக்கப் பார்க்கிறான் என்பார்கள். நான் சொன்னால்தான் எடுபடும். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும், மேஜைமேல் கிடந்த போல்ட்டுகளை எண்ண ஆரம்பித்தேன்.

புதுப் பெட்டியை மாட்டியதும் சும்மா ஸ்டார்ட் செய்துவிட முடியாதாம். லேப்டாப் வழியாக இந்த வண்டியின் நம்பர், இந்தச் சாவி எல்லாவற்றையும் அதற்குள் ஏற்ற வேண்டுமாம். பேட்டரிக்கு சார்ஜரை மாட்டிவிட்டு என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்.

"சாவிய ஆன்ல வைங்க. இருபது நிமிஷம். கதவத் திறக்காதீங்க, ஃபேன், லைட்டு எதையும் தொடாதீங்க. நடுவுல ஏதாவது ஆச்சுன்னா புதுசும் செத்துடும்."

சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வந்து என் ஜன்னலோரம் நின்றார்.

"ஏன் தம்பி, பழசு எதனால போச்சுன்னு தெரிஞ்சுதா?"

"பாத்துட்டேன்மா" என்றார் மாப்பிள்ளை, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாத்து? உன் கைதானா?"

அவர் குனிந்து சார்ஜர் கிளிப்பைச் சரிபார்த்தார். என் பக்கம் திரும்பவும் இல்லை. கதவைத் திறக்க முடிந்திருந்தால் நான் அந்த நிமிஷமே நழுவியிருப்பேன், பொய் சொல்வானேன். ஃபேன் போடக் கூடாது, வேர்த்துக் கொட்டியது. பத்து வருஷமாக ஒரு வயரை அவசரத்தில் தொடாத மனுஷன், எனக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அவர ஏம்மா கேக்கறீங்க?" என்று கத்தினேன். "எவனோ ஒரு மடையன் மூடியக் கழட்டி எறிஞ்சுட்டு பம்பால தண்ணி அடிச்சிருக்கான்! எலுமிச்ச ஷாம்பு வேற!"

"யாரு அது?"

"நான்தாம்மா!"

எங்கோ ஒரு வண்டிக்கு அடியிலிருந்து ஒருவன் சிரித்தான்.

"இதையாவது மெதுவா சொல்லக் கூடாதா?" என்றார் முதலாளியம்மா.

"எனக்கு இருக்கறதே இந்த ஒரு சத்தம்தாம்மா."

அவர் மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "ஒண்ணாம் தேதி புது ஷெட்டுக்கு வந்துடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை முடிந்து சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"மன்னிச்சிடுங்க மாப்ள."

"அது பரவால்ல. வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க மச்சான். உங்க தங்கச்சி நாலு நாளா எங்கிட்ட பேசறதில்ல."

"ஏன்?"

"நான் தப்புப் பண்ணலன்னு சொன்னேன். அப்ப எங்கண்ணன் பொய் சொல்லுமான்னு கேட்டா. அதுக்கு நான் என்ன சொல்றது?"

நேராக வண்டியை அங்கேதான் விட்டேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் மூடியிலிருந்து ஷாம்பு வரை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கையிலிருந்த அவருடைய சட்டையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இனிமே நீ எது சொன்னாலும், அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தாண்ணே நம்புவேன்."

"அதுதாம்மா சரி" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகச் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.