மட்டையின் பின்பக்கம்

மலேசியாவின் ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். என் சிறுவயதில் பாதி குளிரில்தான் கழிந்தது. வெளியே தார் உருகும் வெயில் அடிக்கும்போது, நான் கம்பளிச் சட்டையும் காதுவரை இழுத்துவிட்ட தொப்பியுமாக, ஒரு பேரங்காடிக்குள் இருந்த பனிச்சறுக்குத் தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருப்பேன். அம்மா அங்கே சறுக்குக் காலணிகளை வாடகைக்குக் கொடுக்கும் முகப்பில் வேலை பார்த்தார். வீட்டில் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் பள்ளி விட்டதும் அண்ணனும் நானும் நேராக அங்கேதான் போவோம். மற்றவர்கள் காசு கொடுத்து விறைத்துப் போகும் இடத்தில் நாங்கள் இலவசமாக விறைத்துக்கொண்டிருந்தோம்.

கூட்டமில்லாத நேரத்தில் அம்மா ஒரு ஜோடி காலணியை அண்ணனுக்கு இறுக்கிக் கட்டி உள்ளே விட்டுவிடுவார். நான் விழுந்து அழுதுவிட்டு வெளியே வந்தவள். அவன் விழுந்து எழுந்து உள்ளேயே தங்கிவிட்டான். பன்னிரண்டு வயதில் அங்கே ஐஸ் ஹாக்கி ஆடும் பிள்ளைகள் குழுவில் சேர்ந்தான். மற்றப் பிள்ளைகள் கடையிலிருந்து அப்படியே இறங்கி வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். அண்ணனுடைய கவசங்கள் எல்லாம் பயிற்சியாளர் அங்கங்கே கேட்டு வாங்கித் தந்தவை. ஒரு முழங்காலில் நீலம், மறு முழங்காலில் கறுப்பு. ஆனால் ஆட்டம் இரவல் இல்லை என்று பயிற்சியாளரே சொல்லுவார்.

ஆட்டம் அப்பா கொடுத்தது. அப்பா பாலோ என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டப் பள்ளித் திடலில் வெறுங்காலோடு ஹாக்கி ஆடி, மாவட்டக் குழுவரை போனவர். திடல் ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். உருண்டைப் பக்கம் பட்டால் நடுவர் விசில் ஊதிவிடுவார். அண்ணன் சரியாக நடக்கப் பழகுமுன்பே அப்பா தம் பழைய மட்டையை அறுத்துக் குட்டையாக்கி அவன் கையில் கொடுத்தாராம். எங்கள் அடுக்குமாடியின் நீண்ட நடைபாதைதான் அவர்களுக்குத் திடல். பந்து இடப்பக்கம் வந்தால் மட்டையின் முதுகால் தடுக்கக் கூடாது. உடம்பையே திருப்பிப் பந்தை வலப்பக்கம் கொண்டுவர வேண்டும். "கால நகத்து. மட்டைய இல்ல." அப்பா இதை எத்தனை முறை சொன்னாரோ தெரியாது. சாப்பிடும்போது நான் எட்டிக் குழம்புக் கிண்ணத்தை எடுத்தால்கூட அண்ணன் அதே குரலில் அதைச் சொல்லுவான்.

பிறகு அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். முதலில் தினமும் பாலம் தாண்டிப் போய் வந்தார். அப்புறம் அங்கேயே அறை எடுத்து வாரக் கடைசியில் வந்தார். அப்புறம் தீபாவளிக்கு வந்தார். அப்பாவுக்கு வேலை அதிகம் என்று அம்மா சொன்னார். இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். கடற்கரைப் பக்கம் போனால் எதிரே அந்த ஊரின் கட்டடங்கள் விளக்கோடு தெரியும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருப்பவர் ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று நினைத்து ஏங்குவேன். கொஞ்ச நாளில் எனக்கு அது பழகிவிட்டது. அண்ணனுக்குப் பழகவில்லை. வாசலில் யாருடைய காலடி கேட்டாலும் அவன்தான் முதலில் எழுந்து போவான்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது கோலாலம்பூரிலிருந்து ஒரு சீனப் பெண்மணி வந்தார். நாட்டின் பல இடங்களில் ஆடும் பிள்ளைகளைப் பார்த்து, நல்ல ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, தலைநகரில் விடுதியில் வைத்துப் பயிற்சி கொடுப்பதற்கு அவர்தான் தேர்வாளர். படிப்பு, தங்குமிடம், கவசம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. புதுக் காலணி வாங்கவே வழியில்லாத எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதை விட்டால் வேறு கதவு கிடையாது. அம்மா கோயிலில் அண்ணன் பெயருக்கு அர்ச்சனை செய்து, அவன் தலைக்கவசத்துக்கு உள்ளே நெற்றி படும் இடத்தில் திருநீறு பூசிவைத்தார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதை அன்று தடுப்புக் கண்ணாடி ஓரத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெற்றோரும் தங்கள் பிள்ளை கோல் அடித்தால் தேர்வாகிவிடும் என்று நினைத்து, "அடி, அடி" என்று மூன்று மொழிகளிலும் கத்தினார்கள். அந்தப் பெண்மணியோ கோல் விழும் பக்கம் திரும்பவே இல்லை. பக் என்று சொல்லப்படும் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை ஒரு மூலையில் இருந்தால், அவர் கண் வேறு மூலையில் இருக்கும். தவறு செய்துவிட்டு வந்து பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். ஒரு பையன் அழகாகக் கோல் அடித்துவிட்டு, தனக்குப் பக்கைத் தராத தோழனை மட்டையால் இடித்தான். அவர் பார்த்தது அந்த இடியை. அம்மாவுக்கு இது எதுவும் புரியவில்லை. வந்தவரை வெறும் வயிற்றோடு உட்காரவைக்கலாமா என்று ஒரு தட்டில் கறிபாப் பலகாரத்தோடு போனார். அவர் சிரித்தபடி எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார். தேர்வாளர்கள் யார் கையிலும் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று பயிற்சியாளர் வந்து விளக்கிய பிறகும் அம்மாவின் முகம் தெளியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண்மணியே அம்மாவின் முகப்புக்கு வந்து மலாயில் பேசினார். உங்கள் பையனுக்கு ஆட்டம் முழுவதும் தெரிகிறது, மற்றவர்களுக்குப் பக் மட்டும்தான் தெரிகிறது என்றார். இவனுக்குத் திடல் ஹாக்கி சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார். அம்மா காலணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஐஸ் ஹாக்கியில் மட்டையின் இரண்டு பக்கத்தாலும் ஆடலாம் என்று அவரே விளக்கினார். அண்ணன் இடப்பக்கம் வரும் பக்கை வலப்பக்கம் கொண்டுவர ஒவ்வொரு முறையும் சுற்றித் திரும்புகிறான். அதற்குள் பெரிய பிள்ளைகள் அவனைச் சுவரோடு சாய்த்துவிடுவார்கள். பள்ளி விடுமுறை முடிந்ததும் மறுபடி வருவேன், அப்போது இந்த ஒன்றை மட்டும்தான் பார்ப்பேன், மாறியிருந்தால் இவனுக்கு இடம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க. இது எங்கய்யா போவப் போவுது?" என்றார் அம்மா.

"போகும்மா," என்றான் அண்ணன்.

அந்த விடுமுறை முழுவதும் நான் அவனுக்குக் கூலி ஆளாக இருந்தேன். நடைபாதையின் ஒரு முனையில் உட்கார்ந்து டென்னிஸ் பந்தை அவனுடைய இடப்பக்கமாக உருட்டிவிடுவேன். கூலி, ஒரு பொட்டலம் மைலோ. முதல் நாட்களில் அவன் உடம்பு தானாகத் திரும்பிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். கீழ் வீட்டு மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மாக்சிக், தன் தலைக்குமேல் என்ன தேங்காய் துருவுகிறீர்களா என்று மலாயில் சத்தம் போட்டுவிட்டுப் போவார்.

"போதும்லா அண்ணே. கை வலிக்குது."

"இன்னும் கொஞ்சம் உருட்டு. மாட்டேன்னா மைலோ கெடையாது."

மெல்ல மெல்ல வந்துவிட்டது. கால் அசையாமல், மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டி, மட்டையின் பின்பக்கத்தால் பந்தைச் சுவரில் அடிப்பான். நான் எங்கே உருட்டினாலும் அடித்தான். எனக்குச் சலித்தே போயிற்று. அந்த அடியில் பாதி எனக்குச் சொந்தம் என்று பள்ளி திறந்ததும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தேர்வாளர் மறுபடி வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அம்மாவின் கைப்பேசியை வாங்கி அப்பாவுக்குச் செய்தி அனுப்பினான். அம்மா பார்த்துவிட்டார்.

"வருவாருன்னு நம்பிக்கிட்டு இருக்காதய்யா. பாலத்துல வண்டிங்க ஜேமா இருக்கும்."

அண்ணன் காலணியின் கயிற்றை இழுத்துக் கட்டினான்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பக் அவன் இடப்பக்கம் வந்தது. பின்பக்கத்தால் ஒரு தட்டு. தோழன் மட்டையில் போய் அப்படியே உட்கார்ந்தது. மறுபடி வந்தது, மறுபடி தட்டினான். அந்தப் பெண்மணி கையிலிருந்த தெர்மோஸைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முகப்பிலிருந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, கண்ணாடி ஓரத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். பேருந்தின் குளிரும் முகப்பவுடரும் கலந்த அவருடைய வாசனை எனக்கு மறந்தே போயிருந்தது. "பாப்பா வளந்துட்டியே," என்று சொல்லி ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே பூப்போட்ட கவுன். சென்ற ஆண்டு எனக்குச் சரியாக இருந்திருக்கும்.

உள்ளே அண்ணனும் அவரைப் பார்த்துவிட்டான். பக் மறுபடி இடப்பக்கம் வந்தது. அண்ணன் காலை நகர்த்தினான். உடம்பைச் சுற்றித் திருப்பி, பக்கை வலப்பக்கம் கொண்டுவந்தான். அதற்குள் ஒருவன் வந்து அவனை இடித்துப் பக்கைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

"அப்படித்தான்டா. கால நகத்து," என்று அப்பா கண்ணாடியைத் தட்டினார்.

அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். இங்கே பின்பக்கத்தால் அடிக்கலாம் என்று அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைத் தூக்கிக் கண்ணாடி ஓரத்துத் திண்டில் உட்காரவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டார். என்னை யாரும் அப்படித் தூக்கி வெகுநாள் ஆகியிருந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

தேர்வாளர் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். பிறகு அண்ணனிடம் வந்து ஏதோ கேட்டார். அவன் தலைகுனிந்துகொண்டான். அவர் அவன் தலைக்கவசத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பயிற்சியாளரைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தார். அம்மா முகப்பிலிருந்து அப்பாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அப்பா எங்கள் இருவரையும் பக்கத்தில் மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடைக்குக் கூட்டிப்போய் ரொட்டி சானாய் வாங்கித் தந்தார். அவருக்கு அன்று அப்படி ஒரு சந்தோஷம்.

"மட்டை முதுகுல படவே இல்ல, பாத்தியா? இந்தக் காலத்துப் புள்ளைங்க யாருக்கு இது வரும்? நீ இன்னும் மறக்கல தம்பி."

"மறக்கலப்பா," என்றான் அண்ணன். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அவன் என் காலை மிதித்தான். ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே அவன் சிரித்த சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது. இடம் போய்விட்டது என்று தெரிந்தும் ஒரு பிள்ளை எப்படி அப்படிச் சிரிக்க முடியும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் வருவேன் என்று சொல்லிவிட்டு அப்பா பேருந்து ஏறினார்.

லிஃப்டில் அவனிடம் கேட்டேன்.

"மறந்துட்டியா? நான் உருட்டினதெல்லாம் வீணா?"

"ஆமா. பயத்துல மறந்துட்டேன்."

நான் அதை அப்படியே நம்பினேன். என் உழைப்பைப் பாழாக்கிய மக்கு என்று அவனோடு பேசாமல் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வரவில்லை. தேர்வாளரும் இல்லை, வெறும் பயிற்சி ஆட்டம். பக் இடப்பக்கம் வந்தபோதெல்லாம் அண்ணன் பின்பக்கத்தால் அருமையாக அடித்தான். அடித்துவிட்டு ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இதைப் போன வாரம் அடித்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவனைத் தேர்ந்தெடுக்கக் கூடியவர்கள் அந்தத் தேர்வு நாளில் அந்தத் தளத்துக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். எட்டு வயதில் எனக்கு அந்தச் சீனப் பெண்மணியை மட்டும்தான் தெரிந்தது.