பழைய விண்டோஸிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்

போன வாரம் என் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. அதுவும் இந்தப் பத்திரிகைக்குப் பத்தி எழுதி அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள்!

நான் டைப் அடிப்பது ஆதிகாலத்துத் தமிழ் சாப்ட்வேர் ஒன்றில். பழைய விண்டோஸில்தான் அது ஓடும். வேறு கீபோர்டு என் விரல்களுக்கு வராது. புது லேப்டாப்போ அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பத்தி போகாவிட்டால் என்ன ஆகும்? இந்த இடத்தில் குக்கர் விளம்பரம் வரும். நீங்கள் நிம்மதியாக இருந்திருப்பீர்கள்.

யசோதாவைக் கூப்பிட்டேன். ஹில்ஸ்பரோ என்ற இந்த வெளிநாட்டு ஊரில் நாங்கள் குடியிருப்பது அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில். மாடியில் அவர் குடும்பம். யாழ்ப்பாணத்துக்காரர். டவுனில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர்.

வெளியே நல்ல குளிர். உள்ளே கதகதப்பு - என் உபயம். சுவர்ப் பெட்டியில் பட்டனை அமுக்கி ஹீட்டரை முப்பது டிகிரியில் வைத்திருந்தேன். இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிற ஒரே பொருள் அதுதான்.

யசோதா லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தார்.

“பழைய விண்டோஸைப் புதுசுக்குள்ளயே ஓட விடலாம் அண்ணை. அதுக்கான வசதி ப்ராசஸருக்குள்ள இருக்கு. ஓஃப் பண்ணி வச்சிருக்கினம்.”

“இருக்குன்னா எதுக்குங்க ஆஃப் பண்ணணும்?”

“அது அப்பிடித்தான்.”

குழப்பம் நம்பர் ஒன்று.

லேப்டாப்பை அணைத்துப் போட்டு, ஏதோ நீலத் திரைக்குள் போய், ஒரு வரியை மாற்றிவிட்டு வந்தார். ஒரு விண்டோஸ் வீட்டில் இன்னொரு விண்டோஸா? ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்குமா?

“பழசு, இந்த மெஷின் முழுக்கத் தன்ரை எண்டுதான் நினைக்கும். முந்தி அதை ஏமாத்துறது கஷ்டம். ஒரு சொப்ட்வேர் பக்கத்தில நிண்டு, அது போடுற கட்டளையெல்லாம் பாத்துப் பாத்து மாத்தோணும். சரியான ஸ்லோ.”

“இப்போ?”

“இப்ப ப்ராசஸரே பாக்கும். சாதாரண வேலையெண்டா பழசு நேராச் செய்யலாம். முழு மெஷினுக்கும் சேந்த ஏதையாவது தொட்டா மட்டும், ப்ராசஸர் டக்கெண்டு நிப்பாட்டி, மேல இருக்கிற மேனேஜர் ப்ரோக்ராமிட்டக் குடுக்கும். அது தனக்குச் சரியெண்டு படுறதைச் செய்துபோட்டு, ‘ம், இனிப் போ’ எண்டு விடும்.”

“நடுவுல நிறுத்தினது பழசுக்குத் தெரியாதா?”

“தெரியாது. தானே செய்ததெண்டு நினைக்கும்.”

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எனக்கு லேசாகக் கோபம்கூட வந்தது.

“அதெப்படிங்க? ஒருத்தன் கேட்டது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணுன்னா, அவனுக்குத் தெரியாமலா போயிடும்?”

யசோதா என்னைப் பார்த்தார். சுவர்ப் பெட்டியைப் பார்த்தார்.

“அண்ணை, குறை நினைக்கக் கூடாது. வீடு முழுக்க ஒரே ஹீட்டர் மெஷின்தான். நீங்க கீழ பட்டனை அமத்தினா என்ர போனுக்குத்தான் வரும். நான்தான் போட்டு விடுறனான்.”

“நான் முப்பது வெச்சா?”

“இருபத்திரண்டு.”

“பெட்டியில முப்பதுன்னு காட்டுதே!”

“ஓம். காட்டும்.”

சமையலறையிலிருந்து என் மனைவி கல்பனா சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது - அவளுக்கு இது ரொம்ப நாளாகவே தெரியும்.

பத்தி பிழைத்தது. நீங்கள் படிப்பது அந்தப் பழைய விண்டோஸில் அடித்ததுதான். லேப்டாப்பே தன்னுடையது என்ற நினைப்பில் அது ஜம்மென்று ஓடுகிறது. எப்படி என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் பாதிதான் புரிந்திருக்கிறது. ஆனால் அதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது... சொந்தக்காரனைப் பார்ப்பது போல.

இன்று காலையும் குளிர். பெட்டியில் முப்பது வைத்தேன். பிறகு கூரையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டேன்.